ஏழே காலுக்குப் போட்ட ஓட்டு

நஞ்சம்மா ஓசூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் நான்கு வருஷம் பாகலூர் பக்கத்து ரோஜாத் தோட்டம் ஒன்றில் பூ வெட்டினாள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலை. மருந்தடித்த மறுநாள் உள்ளே போனால் சாயங்காலம் வரை நாக்கில் கசப்பு தங்கியிருக்கும். அதற்குப் பிறகு கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்தாள். மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பொற்கொடி என்ற விருதுநகர்க்காரப் பெண்ணோடு குடியிருக்கிறாள். வயது முப்பத்தேழு.

அதிகம் பேசுகிறவள் அல்ல. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும்வரை அப்படியே இருப்பாள். சூப்பர்வைசர்கள் அவளைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: அந்த அம்மா கட்டிய வயர் தப்பு என்று திரும்பி வராது.

பிறந்தது பென்னாகரம் பக்கம். பதினெட்டு வயதில் அஞ்செட்டிக்கு மேலே, காட்டை ஒட்டிய சிக்கமல்லட்டியில் தீர்த்தகிரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று ஏக்கர் ராகிக் காடு, மாடுகள், ஒரு மாமியார். எட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். பிள்ளை இல்லை. தருமபுரியில் ஒரு டாக்டரிடம் இரண்டு வருஷம் போனாள். டாக்டர் கடைசியில் தீர்த்தகிரியையும் கூட்டிவரச் சொன்னார். அவன் வரவில்லை. அதோடு வைத்தியம் நின்றது.

ஒரு நாள் கனகபுரத்துப் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போன தீர்த்தகிரி மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். பெயர் புட்டம்மா. இருபது வயது இருக்கும். கன்னடம்தான் பேசினாள். மாமியார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். ஆரத்தி கலக்கிவைக்கச் சொல்லி நஞ்சம்மாவிடம்தான் சொல்லியிருந்தாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

நான்கு மாதம் நஞ்சம்மா அதே வீட்டில் இருந்து பார்த்தாள். யாரும் அவளை வெளியே போ என்று சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவுமில்லை. ஒரு விடியற்காலையில் இரண்டு சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தாள். ஓட்டு அட்டை, ஆதார் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. சாவி தீர்த்தகிரியின் அரைஞாணில் தொங்கியது. அட்டைகளைப் பற்றி அன்றைக்கு அவள் நினைக்கவே இல்லை.

வயர்க் கம்பெனியில் ஆதார் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் விரலை வைத்ததும் அவள் பெயரும் முகமும் திரையில் வந்தன. அச்சடித்துக் கொடுத்தார்கள். முகவரி சிக்கமல்லட்டி என்றே இருந்தது. அதை அவள் மாற்றவில்லை. வாடகை ரசீது தருகிற வீட்டுக்காரர்கள் மூக்கண்டப்பள்ளியில் குறைவு.

ஓட்டு விஷயமும் அப்படித்தான் கிடந்தது. ஓட்டு அங்கே, அவள் இங்கே. பட்டாளத்தில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. தேர்தல் வேலைக்குப் போகிற அதிகாரிகளுக்கு உண்டு. எண்பத்தைந்து வயது தாண்டியவர்களிடம் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். பிழைக்க வந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் எதுவும் கிடையாது. அவர்கள் பஸ் ஏறித்தான் போக வேண்டும். மூன்று, நான்கு தேர்தல்கள் நஞ்சம்மாவுக்குத் துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் போயின.

போன கார்த்திகையில் வாக்காளர் பட்டியல் முழுவதையும் புதிதாகச் சரிபார்க்கிறார்கள் என்று வினிதா என்ற அங்கன்வாடி டீச்சர் படிவக் கட்டோடு வந்தாள். அந்தத் தெருவின் பட்டியலுக்கு அவள்தான் பொறுப்பு. அந்த வரிசையில் பதினான்கு அறைகள். எல்லாரும் ஷிப்டுக்காரர்கள். வினிதா வந்த மூன்று தடவையும் பாதி அறைகள் பூட்டியிருந்தன. மூன்றாவது தடவைக்குப் பிறகு 'ஆள் இல்லை' என்று எழுத வேண்டும் என்பது அவளுக்கு வந்த உத்தரவு. எழுதினாள். கதவுக்குப் பின்னால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள்.

பொற்கொடியின் பெயர் விருதுநகரில் இருந்தது. அவள் அம்மா இறந்துபோய் வீடு பூட்டிக் கிடந்தது. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை. 'இடம் பெயர்ந்தவர்' என்று அடித்துவிட்டார்கள். இங்கே புதிதாகச் சேரலாம் என்றால் இருப்பிடத்துக்கு ஆதாரம் வேண்டும்.

நஞ்சம்மாவின் ஆதாரை வாங்கி வினிதா போனில் தேடினாள்.

"அக்கா, உங்க பேருதான் அஞ்செட்டிப் பக்கம் இருக்குதே. ஃபார்ம்கூட அங்கயே குடுத்தாச்சு."

"நான் குடுக்கலியேமா."

"வூட்ல இருக்கறவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடலாங்க்கா. கணவர்னு போட்டிருக்குது. தீர்த்தகிரி. உங்க வூட்டுக்காரர்தான?"

வினிதா போனைத் திருப்பிக் காட்டினாள். சிறிய எழுத்தில் அவள் பெயர், அதன் கீழே அவன் பெயர்.

"வேணும்னா எட்டாம் நம்பர் ஃபார்ம் எழுதிக் குடுங்க, இங்க மாத்திக்கலாம்" என்றாள் வினிதா.

"இருக்கட்டும். அப்பறம் பாத்துக்கறன்."

வினிதா போன பிறகு பொற்கொடி சொன்னாள்: "ஒனக்காச்சும் ஒரு வீட்டுல கையெழுத்துப் போட ஆள் இருக்குக்கா. எனக்கு அதுவும் இல்ல."

அந்த வார்த்தை நஞ்சம்மாவிடம் தங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு போன் வந்ததில்லை. செத்தாளா இருக்கிறாளா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் இவள் அந்த வீட்டு ஆள்தான் என்று அவன் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒருவேளை புட்டம்மா போய்விட்டாளோ. ஒருவேளை அவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்து பழசையெல்லாம் நினைக்கிறானோ. இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வயரைக் கட்டும்போது, குழாயடியில் நிற்கும்போது அது வந்துகொண்டே இருந்தது. எட்டாம் நம்பர் படிவத்தை அவள் கேட்கவில்லை. டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தபோது வினிதாவின் போனில் தேடிப் பார்க்கச் சொன்னாள். பெயர் இருந்தது. வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு.

ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். கம்பெனிக்குச் சம்பளத்தோடு விடுமுறை. நஞ்சம்மா தலைக்குக் குளித்து, தீபாவளிக்கு எடுத்து ஒரு தடவைகூடக் கட்டாத பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பொற்கொடி பார்த்துவிட்டு, "ஓட்டுப் போடவா போற, பொண்ணு பாக்கவா?" என்றாள்.

"ஓட்டுப் போடத்தான்டி" என்றாள் நஞ்சம்மா. முகம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

தேன்கனிக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து அஞ்செட்டிக்கு இன்னொன்று. அஞ்செட்டியிலிருந்து சிக்கமல்லட்டிக்கு அன்றைக்கு வண்டி இல்லை. தக்காளி ஏற்றிவந்து திரும்பிய ஒரு மினி லாரியில் ஏறிக்கொண்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறங்கியபோது பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். பெண்கள் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டு மாதம்மாள். ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாகவே ராகி அறுக்கப் போனவர்கள். மாதம்மாள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம் மாதிரி ஏதோ இருந்தது.

"நீ எதுக்கு வந்த?" என்றாள் மெதுவாக.

"ஓட்டுப் போடத்தான் மாதம்மா. நல்லா இருக்கியா?"

"வேணா நஞ்சம்மா. போயிடு. வந்த வழியே போயிடு."

பழைய சினேகிதிகூடத் தன்னை இப்படி விரட்டுகிறாளே என்று நஞ்சம்மாவுக்கு மனசு கசந்தது. வரிசை நகர்ந்தது.

உள்ளே முதல் மேசையில் இருந்த அலுவலர் அவள் ஆதாரைப் பார்த்து, பட்டியலில் எண்ணைத் தேடி, சத்தமாகப் படித்தார். "நானூத்திப் பன்னெண்டு. நஞ்சம்மா, கணவர் தீர்த்தகிரி." படித்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். "ஏம்மா, இது போட்டாச்சே."

"என்னாது சார்?"

"நஞ்சம்மா ஓட்டுப் போட்டாச்சும்மா. ரெஜிஸ்டர்ல கைநாட்டு இருக்குது. காலையில ஏழே காலுக்கே வந்து போட்டுட்டுப் போயிருக்காங்க. அட்டையும் காட்டியிருக்காங்க."

நஞ்சம்மாவுக்குக் கைநாட்டு வைக்கிற வழக்கமில்லை. எட்டாவது வரை படித்தவள், கையெழுத்துத்தான் போடுவாள். "நான் இப்பத்தான் சார் வர்றன்" என்றாள்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுந்து வந்தார். ராஜசேகர் என்று பெயர், கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூட வாத்தியார். ஆதாரை வாங்கிப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று கட்சி ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

மூவருமே சிக்கமல்லட்டிக்காரர்கள். நடுவில் இருந்தவன் மாதேஷ், தீர்த்தகிரியின் பங்காளி மகன். நஞ்சம்மாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். அவள் கையால் எத்தனையோ நாள் களி வாங்கிச் சாப்பிட்டவன்.

"நஞ்சம்மா காலையிலயே வந்து போட்டுட்டாங்க சார்" என்றான் மாதேஷ்.

"அதைக் கேக்கல. இவங்க யாரு?"

"தெரியலைங்க சார்."

மற்ற இருவரும் தங்கள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்கள்.

"மாதேசு" என்றாள் நஞ்சம்மா. "என்னையத் தெரியாதா உனக்கு?"

அவன் நிமிரவில்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்களும் வாசல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எட்டு வருஷம் அவளோடு தண்ணீர் எடுத்தவர்கள், அவள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டவர்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

ராஜசேகர் அவளை உட்காரச் சொன்னார். விதிப்படி சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அப்பா பெயர், வயது, வீட்டு எண். எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"அந்த வீட்டுல வேற யார் யார் ஓட்டு இருக்குது?"

"எங்க வூட்டுக்காரரு. எங்க மாமியா, பேரு கெம்பம்மா."

அவர் பட்டியலைப் பார்த்தார். "கெம்பம்மான்னு இல்லியேமா. ரெண்டு பேருதான் இருக்குது. இறந்திருந்தா எடுத்திருப்பாங்க."

மாமியார் செத்துப்போனது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ராஜசேகர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பேனாவை மூடி, பிறகு சொன்னார்: "நீங்கதான் நஞ்சம்மான்னு எனக்குத் தெரியுதும்மா. ஆதார் இருக்குது, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றீங்க. ஆனா ஒரு பேருக்கு மெஷின்ல ஒரு தடவைதான் போட முடியும். உங்களுக்குக் காகிதத்துல ஓட்டு தர்றேன். ஆய்வுக்குரிய ஓட்டுன்னு பேரு. முத்திரை குத்திக் குடுங்க, கவர்ல போட்டு சீல் வெச்சு அனுப்புவோம்."

"அதை எண்ணுவாங்களா சார்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எண்ண மாட்டாங்கம்மா. கோர்ட்டு கேட்டாத்தான் கவரைப் பிரிப்பாங்க."

"அப்ப காலையில போட்டது?"

"அது மெஷின்ல போயிடுச்சு. அதை எண்ணுவாங்க."

"பொய்யா வந்தவ ஓட்டு எண்ணுவீங்க. என் ஓட்டு கவருக்குள்ள கெடக்கும்."

"விதி அப்படிம்மா."

நஞ்சம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, சீட்டை வாங்கி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் முத்திரை குத்தினாள். பதினோரு வருஷம் கழித்துப் போடுகிற ஓட்டு. ராஜசேகர் அதைக் கவரில் போட்டார். போகும்போது ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "ஆள்மாறாட்டம் பெரிய குத்தம்மா. ஒரு வருஷம்வரைக்கும் ஜெயில். எழுதிக் குடுத்தீங்கன்னா நான் போலீஸ்கிட்ட குடுக்கணும். ஆறு மணிவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்த வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குப் புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது இருக்கும். சின்னவளுக்கு ஆறு. பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"உங்கம்மா இருக்குதா?"

"தண்ணி எடுக்கப் போயிருக்குது."

"உங்கம்மா பேரு என்னா?" என்றாள் நஞ்சம்மா.

பிள்ளை யோசிக்கவே இல்லை. "ஸ்கூல்லயா, வூட்லயா?" என்று கேட்டது.

நஞ்சம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "ரெண்டுந்தான் சொல்லு."

"வூட்ல புட்டம்மா. ஸ்கூல்ல நஞ்சம்மா."

குடத்தோடு வந்த புட்டம்மா அவளைப் பார்த்ததும் நின்றாள். பதினோரு வருஷத்தில் இளைத்துக் கறுத்திருந்தாள். இடது சுட்டுவிரலில் மை பளிச்சென்று தெரிந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா."

"என் பேருல ஓட்டுப் போட்டது நீயா?"

"அவருதா கூட்டிட்டுப் போனாரு அக்கா. நா பேடா பேடான்னு சொன்னே." வேண்டாம் என்று சொல்லும்போது கன்னடம் வந்துவிட்டது அவளுக்கு. "எனக்கு இங்க கார்டு ஒண்ணும் கெடையாது. எங்க ஊர்லயும் கெடையாது. பெரியவ வயித்துல இருக்கறப்ப ஆஸ்பத்திரில கார்டு கேட்டாங்க. அவரு உன் கார்டு குடுத்தாரு. போட்டோ நல்லாத் தெரியாதில்ல, யாரும் கேக்கல. அப்பறம் எல்லாம் உன் பேருதா அக்கா. ரெண்டு பிரசவமும். ஆபரேசனும்."

"என்னா ஆபரேசனு?"

"சின்னவ பொறந்தப்பறம். குடும்பக் கட்டுப்பாடு."

நஞ்சம்மா வாசலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளை இல்லாதவள் என்றுதான் இந்த வீட்டிலிருந்து அவள் போனாள். சர்க்கார் காகிதத்தில் அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்திருக்கிறார்கள். இனி வேண்டாம் என்று அவள் ஆபரேஷனும் செய்துகொண்டிருக்கிறாள். அவள் பாகலூரில் மருந்து நாற்றத்துக்குள் பூ வெட்டிக்கொண்டும், பிறகு கம்பெனியில் வயர் கட்டிக்கொண்டும் இருந்த வருஷங்கள் அவை.

புட்டம்மாவை அடிக்க வேண்டும் போலிருந்தது. முடியைப் பிடித்துத் தரையில் இழுக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அதனால்தான் அடிக்கவில்லையோ, கைக்கு வலுவில்லாமல்தான் அடிக்கவில்லையோ, அவளுக்கே தெரியாது.

தீர்த்தகிரி வந்து சேர்ந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உடம்புக்கு அவனுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தான்.

"எதுக்கு ஊருக்குள்ள வந்து ரகளை பண்ற?" என்றான்.

"நான் இங்க இருக்கறன்னு எதுக்குக் கையெழுத்துப் போட்ட?" என்றாள் நஞ்சம்மா. அந்த வீட்டில் இருந்த எட்டு வருஷமும் அவனை 'நீங்க' என்றே பேசியவள். "அதை மட்டும் சொல்லு."

"போடலன்னா பேரை எடுத்துருவாங்கல்ல."

"யாரு பேரை?"

"இவ பேரைத்தான்" என்றான். பிறகு, "உன் பேருதான். எல்லாம் ஒண்ணுதான்" என்றான். "பேரை நீதான விட்டுட்டுப் போன? எடுத்துக்கிட்டா போன? சும்மாக் கெடந்துது, இவ வெச்சுக்கிட்டா. உனக்கு இப்ப ஓட்டுத்தான வேணும்? அடுத்த தடவை வந்து நீயே போட்டுக்க."

கையிலிருந்த தாளை அவள் காட்டினாள். "எழுதிக் குடுக்கறன். ஒரு வருசம் ஜெயிலு."

"குடு. எனக்கென்னா? மை அவ விரல்லதான் இருக்குது. போறதும் அவதான் போவா."

புட்டம்மாவுக்கு முன்னால்தான் சொன்னான். புட்டம்மா அவனைப் பார்த்தாள். பிறகு நஞ்சம்மாவைப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சின்னப் பிள்ளை அவள் பின்னாலேயே ஓடியது.

அவன் சொன்னது உண்மை. எழுதிக் கொடுத்தால் ரெஜிஸ்டரில் இருக்கிற ரேகை யாருடையது என்று பார்ப்பார்கள். அட்டையை எடுத்துக் கொடுத்து, வரிசையில் நிறுத்திவைத்து, இந்த எண்ணைச் சொல் என்று சொல்லிக் கொடுத்தவனுக்கு எந்தக் காகிதத்திலும் ரேகை இல்லை. படிவத்தில் போட்ட கையெழுத்துக்குக்கூட, பெண்டாட்டி வருவாள் என்று நினைத்தேன் என்று சொல்லிவிடலாம்.

நஞ்சம்மா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு மேல் உள்ளே போய், "வேணா சார்" என்று அந்த வெள்ளைத் தாளை அப்படியே ராஜசேகரிடம் கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதை அவள் பார்த்தாள். நல்ல மனுஷர்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரச்சினை இல்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை.

அந்த நேரத்துக்கு அஞ்செட்டிக்கு வண்டி கிடையாது. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட். பள்ளிக்கூட கேட்டில் மாதேஷ் பைக்கோடு நின்றிருந்தான். ஏஜெண்டு வேலையை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான்.

"சின்னம்மா, ஏறு. அஞ்செட்டில விட்டுடறன்."

இப்போது அவனுக்கு அவளைத் தெரிந்தது. ஏறக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். பத்து கிலோமீட்டர் காட்டு வழி. யானை நடமாடுகிற பாதை. ஏறி உட்கார்ந்தாள்.

பாதி வழியில் அவன் சொன்னான்: "தப்பா நெனைக்காத சின்னம்மா. நான் தெரியும்னு சொல்லியிருந்தா போலீஸ் கேஸாயிருக்கும். ஊர்ப் பொம்பளைய ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"நான் எந்த ஊருப் பொம்பளை?" என்றாள் நஞ்சம்மா.

அவன் அஞ்செட்டி பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டான். அவள் பஸ் பக்கம் நடந்துவிட்டாள்.

மறுவாரம் வினிதாவிடம் எட்டாம் நம்பர் படிவம் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மா நாராயணம்மாவின் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு, மின்சார பில்லின் நகல் ஒன்றை வாங்கி இணைத்தாள். தேர்தல் முடிவு வந்த நாளில் ஊரே டி.வி. முன்னால் இருந்தது. சிக்கமல்லட்டி இருந்த தொகுதியில் யார் ஜெயித்தது என்று பொற்கொடி சொல்ல வந்தாள். நஞ்சம்மா கேட்டுக்கொள்ளவில்லை. ஜூன் கடைசியில் புது அட்டை தபாலில் வந்தது. ஓசூர் முகவரி, புதிய படம், கணவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயர். பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஆடியில் ஒரு நாள் தீர்த்தகிரி போன் செய்தான். நம்பரை எங்கே வாங்கினான் என்று தெரியவில்லை. ரேஷன் கடையில் அட்டையில் உள்ள எல்லாரும் விரல் வைக்க வேண்டுமாம். புட்டம்மாவின் விரலை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லையாம்.

"நீ ஓசூர்லயே எந்தக் கடையிலயும் போயி வெக்கலாமாம். ஒரு நிமிச வேலை. வெக்கலன்னா பேரை எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் புட்டம்மா பேசினாள். பிள்ளைகளின் சத்தம் பின்னால் கேட்டது. "அக்கா, ஓட்டும் போச்சு. இதும் போனா எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கி ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில என்னைய யாருன்னு கேட்டா நா என்னா சொல்றது?"

"உன் பேரைச் சொல்லு" என்றாள் நஞ்சம்மா.

"என் பேருக்கு எங்கயும் கார்டு இல்லியே அக்கா."

நஞ்சம்மாவுக்கு அதற்குப் பதில் இருந்தது. பதினோரு வருஷமாக நான் யாராக இருந்தேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை அணைத்தாள். அந்த மாதம் எந்த ரேஷன் கடைக்கும் அவள் போகவில்லை. ஆவணியில் அட்டையிலிருந்து பெயர் போய்விட்டது. தனக்கென்று ஓசூரில் ஒரு ரேஷன் அட்டை கேட்டு எழுதிப் போட்டாள். தனியாக இருக்கிற பெண் என்றால் விவாகரத்துத் தீர்ப்போ கைவிடப்பட்டவள் என்று தாசில்தார் சான்றோ வேண்டும் என்று சொன்னார்கள். சான்றுக்கு ஊரில் விசாரிப்பார்களாம். ஊர் என்றால் சிக்கமல்லட்டி.

பொற்கொடியிடம் மட்டும் புட்டம்மா பேசியதைச் சொன்னாள். "நல்லா வேணும் அவளுக்கு. சரியாத்தான் செஞ்சிருக்கக்கா" என்றாள் பொற்கொடி.

நஞ்சம்மா தலையாட்டினாள். அன்றைக்கு லைனில் அவள் கட்டிய வயரில் இரண்டு திரும்பி வந்தன.